மதகுக் கல்லைப் படித்த டீச்சர்

நான் அவரை முதன்முதலில் பார்த்தபோது அவர் ஒரு பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடினார். எண்பதுகளின் தொடக்கம். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் என் போட்டோ ஸ்டுடியோ. ஜன்னல் வழியே பார்க்கிறேன், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி ஒரு கையில் ஒயர் கூடையும் இன்னொரு கையில் புடவைக் கொசுவமுமாக ஓடுகிறார். வளைவில் வண்டி வேகம் குறைந்ததும் பக்கத் தகரத்தில் படபடவென்று அடித்து நிறுத்தினார். உள்ளேயிருந்து ஒரு பெரியவரை இறக்கிக் கூட்டிவந்து வேறு வண்டியில் ஏற்றிவிட்டார். அப்புறம் மூச்சிரைக்க மாடி ஏறி வந்து, "பாய், குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

"என்னாங்க ஆச்சு?"

"மொரப்பூர் வண்டி எதுன்னு கேட்டாரு. தப்பாக் காட்டிட்டேன்."

"டிக்கெட் போடறப்ப கண்டக்டரே சொல்லி இறக்கி விட்டிருப்பாருங்களே?"

"தப்பாச் சொன்னது நான் பாய். கண்டக்டர் எதுக்கு அதைத் திருத்தணும்?"

இந்தக் குணத்தால்தான் இரண்டு வருஷம் கழித்து ஓர் ஏரிக்கரையில் அவர் அத்தனை பேர் நடுவில் நிற்க வேண்டி வந்தது. பக்கத்தில் நானும் நின்றேன்.

அவர் பெண்கள் பள்ளியில் வரலாற்று டீச்சர். லீவு நாளில் ஆராய்ச்சி. முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னால், மைசூர் ராஜாக்களின் ஆட்சி இந்தப் பக்கம் நடந்தபோது, யார் ஏரி வெட்டினார்கள், யார் மதகு கட்டினார்கள், தண்ணீரை எப்படிப் பிரித்தார்கள் என்று கல்லிலும் செப்பேட்டிலும் ஓலையிலும் தேடிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் இப்படிக் கண்டுபிடித்ததைப் புத்தகமாக எழுதி அலமாரியில் வைப்பார்கள். இவர் சந்தைக்குக் கொண்டு போவார். இரண்டு புளியமரத்துக்கு நடுவே துணிக்கொடி கட்டி, அதில் சார்ட்டுகளையும் நான் எடுத்த போட்டோக்களையும் கிளிப் போட்டு மாட்டிவிட்டு, போகிற வருகிறவர்களை மறிப்பார்.

"அம்மா, அந்தத் தக்காளிக் கூடையை இறக்கி வச்சிட்டு ரெண்டே நிமிஷம் பாருங்க. உங்க ஊரு ஏரிக்கு யாரு மண்ணு சுமந்தாங்கன்னு இதுல எழுதியிருக்குது."

மைக் கிடையாது. அவர் குரல் மிளகாய் ஏலம் போடுகிறவனையும் தாண்டிக் கேட்கும். முதலில் சிரித்தவர்கள்கூட அவரவர் ஊர்ப் பேரைக் கேட்டதும் நின்றுவிடுவார்கள். கேள்வி கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வார். தெரியாததை, "தெரியாதுங்க" என்று அதே சத்தத்தில் சொல்வார். எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

தப்பாகச் சொன்னதைத் தேடிப்போய்த் திருப்பிச் சொல்வதில் அவருக்கு அலுப்பே கிடையாது. தொப்பூர் கணவாயில் ஒரு டீக்கடை. அதன் பின்னால் கையில் ஈட்டியோடு ஒருவன் நிற்கும் கல் உண்டு. அவன் மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன் என்று டீக்கடைக்காரரிடம் சொல்லியிருந்தார். மூன்று மாதம் கழித்துக் கல்லை நன்றாகக் கழுவிப் பார்த்தால் ஈட்டி முனையில் புலி. அதைச் சொல்வதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு தொப்பூர் போனார். டீக்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வர்ற லாரி டிரைவருங்க அத்தன பேருக்கும் சண்டைன்னு சொல்லிட்டனே டீச்சரு!"

"இனிமே வர்றவங்களுக்குப் புலின்னு சொல்லுங்க. பழைய ஆளு யாராவது திரும்பி வந்தா, டீச்சர் தப்பாச் சொல்லிட்டாங்கன்னு என் மேல போட்டுருங்க."

வகுப்பிலும் இப்படித்தானாம். நேற்று எழுதச் சொன்னதை இன்று அடிக்கச் சொன்னால் பிள்ளைகளுக்கு மரியாதை எப்படி இருக்கும் என்று தலைமை ஆசிரியை சத்தம் போட்டதாக அவரே சொல்லிச் சிரித்தார்.

இனி அந்தக் கல். ஊர்ப் பெயர் இரண்டையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ஓர் ஏரி. அதன் கிழக்கே மாலனள்ளி, மேற்கே பாலனள்ளி. இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே மதகு. ஒரு வருஷம் மாலனள்ளிக்கு முதல் தண்ணீர், மறு வருஷம் பாலனள்ளிக்கு. அப்படித்தான் முறை. மதகுக்குப் பக்கத்தில் இடுப்புயரக் கல் ஒன்று எண்ணெயும் மஞ்சளும் ஏறிக் கறுத்து நின்றது. அதில் எழுத்து இருப்பதே யாருக்கும் தெரியாது. டீச்சர்தான் கண்டுபிடித்தார். இன்ன ஊரவர் கட்டிவித்த மதகு என்று ஒரு வரி. அதற்குக் கீழே கல் உடைந்து போயிருந்தது. ஊர்ப் பெயரின் முதல் எழுத்தில் அவருக்குச் சந்தேகம். அதனால் என்னை அழைத்துப் போனார்.

உச்சி வெயிலில் கல்லில் வெட்டிய எழுத்து படத்தில் விழாது. பள்ளத்தில் சாக்பீஸ் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். "விரலால தடவிப் பாருங்க பாய். பள்ளம் இருந்தா மட்டும் போடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் மதகின் நீளத்தை அளக்கப் போனார். சுற்றிலும் மாலனள்ளிக்காரர்கள். முதல் எழுத்து 'பா' மாதிரி இருந்தது. பக்கத்தில் கீறல் போல ஏதோ ஒன்று; அதுவும் எழுத்தோடு சேர்ந்ததென்றால் 'மா'. என் விரலுக்கு உறுதியாகத் தெரியவில்லை.

"அது 'மா' தானுங்க பாய். எங்க ஊருதான் கட்டுச்சின்னு எங்க தாத்தனே சொல்லுவாரு" என்றார் ஒருவர். ஊரில் அவர்தான் முக்கியமான ஆள். இரண்டு வயல் வரப்பு தாண்டினால் அவர் வீடு. எங்களுக்கு மத்தியானச் சோறு அங்கேதான் ஆகிக்கொண்டிருந்தது.

நான் அந்தக் கீறலின் மேல் சாக்பீஸை லேசாக இழுத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். இருட்டறையில் நெகடிவைக் கழுவிப் பார்த்தால் அந்த ஓர் இடம் மங்கலாக இருந்தது. கல்யாணப் பெண்ணின் முகத்தில் இருக்கும் தழும்பை எடுக்க நெகடிவின் மேல் பென்சிலால் மெல்லத் தேய்ப்போம். பென்சில் பட்ட இடம் படத்தில் வெள்ளையாக வரும். கை பழகிய வேலை. நான் அந்த எழுத்தின் மேலும் தேய்த்தேன். டீச்சர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை, நிஜமாகவே.

படத்தில் 'மா' பளிச்சென்று விழுந்தது. டீச்சர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். "கண்ணுதான் ஏமாத்துது. படம் தெளிவாச் சொல்லுது பாருங்க" என்றார்.

அடுத்த சந்தையில் அந்தப் படம் கொடியில் ஏறியது. மாலனள்ளியிலிருந்து டிராக்டரில் வந்தார்கள். டீச்சர் படித்துச் சொன்னதும் கைதட்டினார்கள். மாலை போட்டார்கள். யாரோ ஒருவர், "அப்ப மொதத் தண்ணி எப்பவும் எங்களுதுதானுங்க?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. டீச்சருக்கும் கேட்டிருக்கும். அவர் மாலையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் விட்டதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு ஊர்க் கோவிலில் மாட்டினார்கள். மறு வருஷம் மழை பொய்த்தது. ஏரியில் இருந்ததே முழங்கால் தண்ணீர். முறைப்படி அது பாலனள்ளியின் வருஷம். மாலனள்ளிக்காரர்கள் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மதகின் மேல் சாத்தி வைத்து, "கல்லே சொல்லுது" என்று தங்கள் பக்கம் திறந்துகொண்டார்கள். பாலனள்ளியில் நெல் கருகியது. மதகடியில் அடிதடி. ஒருவருக்கு மண்டை உடைந்து தர்மபுரி ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு தையல். போலீஸ் வந்து போனது.

டீச்சர் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனாராம். அடிபட்டவரின் மனைவி, "நீ படிச்சதாலதானே தாயி" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். மறுநாளே அவர் காகிதமும் மசியும் எடுத்துக்கொண்டு தனியாக ஏரிக்குப் போனார். ஈரக் காகிதத்தைக் கல்லின் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டிப் பள்ளத்தில் இறக்கி, மேலே மசி ஒற்றினால் கல்லில் இருப்பது அப்படியே காகிதத்தில் இறங்கும். மசிப்படி என்பார்கள். அதைச் சுருட்டிக்கொண்டு நேராக என் ஸ்டுடியோவுக்கு வந்து தரையில் விரித்தார்.

காகிதத்தில் 'பா' தெளிவாக இருந்தது. கீறல் அதற்கு ஒரு விரற்கடை தள்ளி, கல்லின் வெடிப்பாக, வளைந்து ஓடியது. எழுத்தைத் தொடவேயில்லை.

டீச்சர் மண்டியிட்டபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சாக்பீஸ் நழுவியிருக்குது" என்றார் கடைசியில். "தப்பு என்னுது பாய். மசிப்படி எடுக்காம படத்தை வச்சு நான் படிச்சிருக்கக் கூடாது."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாலனள்ளிப் பக்கம் வருஷத்துக்குப் பத்துக் கல்யாணம் எனக்கு வரும். அது ஒன்று. ஊர்ச் சண்டையில் பாய்தான் மூட்டிவிட்டான் என்று ஒரு பேச்சு கிளம்பினால் எங்கே போய் நிற்கும் என்ற பயம் இன்னொன்று.

"ரெண்டு ஊரையும் கூப்பிட்டுச் சொல்லிரலாம்" என்றார் டீச்சர்.

"டீச்சர், வேண்டாங்க. ஒரு லெட்டர் எழுதிப் போட்டுருங்க. தாசில்தார்கிட்ட குடுத்துருங்க."

"சொன்னப்ப நேர்லதானே சொன்னேன்?"

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஏரிக்கரையில் கூட்டம் என்று இரண்டு ஊருக்கும் அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எதற்கு என்று சொல்லவில்லை. நான் ஜும்மா தொழுகையைக் காரணம் காட்டி நழுவப் பார்த்தேன். "அதுக்குள்ள வந்துரலாம் பாய். காமிராவை எடுத்துக்குங்க. கல்லைத் திரும்ப எடுக்கணும்" என்றார். பஸ்ஸில் வழி நெடுக மசிப்படிச் சுருளை மடியில் குழந்தை மாதிரி வைத்திருந்தார். இறங்கும் இடம் வந்ததா என்று கண்டக்டரை மூன்று முறை கேட்டார். பயமில்லாத ஆள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

கரையில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். மதகுக்கு இந்தப் பக்கம் ஓர் ஊர், அந்தப் பக்கம் ஓர் ஊர். சிலர் கையில் மண்வெட்டி. ஏரியில் தண்ணீரே இல்லை, சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. டீச்சர் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, நானும் இன்னொருவரும் ஆளுக்கொரு முனை பிடிக்க, மசிப்படியை விரித்துக் காட்டினார்.

"போன வருஷம் இந்தக் கல்லுல மாலனள்ளின்னு இருக்குதுன்னு நான் சொன்னேன். அது தப்புங்க. இதுல இருக்கறது பாலனள்ளி. நான் தப்பாப் படிச்சிட்டேன்."

உடனே பாலனள்ளிப் பக்கம் விசில் கிளம்பியது. மாலனள்ளியின் அந்த முக்கியஸ்தர் முன்னால் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்னா டீச்சர், வெளையாட்டா? போன வருஷம் ஒண்ணு, இந்த வருஷம் ஒண்ணா? அவனுங்க வந்து பேசிட்டானுங்களா?"

"யாரும் பேசலைங்க."

"அப்ப கோயில்ல மாட்டியிருக்கிற படம்? வெள்ளையா, குத்துக்கல்லாட்டம் தெரியுதே 'மா'! அது பொய்யா?"

"சாக்பீஸ் நழுவியிருக்குதுங்க. அதைச் சரிபாக்காம விட்டது என் தப்பு."

"நாங்க பக்கத்துலதான் நின்னோம். சாக்பீஸ் அத்தன அழுத்தமாப் போடல. பொய் சொல்றே நீ!"

அவர் அதுவரை டீச்சரை 'நீ' என்று சொன்னதில்லை. பின்னாலிருந்து நாலைந்து பேர் நெருங்கி வந்தார்கள். ஒருவன் மசிப்படியை எட்டிப் பிடித்து இழுத்தான். ஓரம் கிழிந்தது. டீச்சர் விடவில்லை. "சொல்லு, அப்புறம் எப்படி அத்தன வெள்ளையா விழுந்திச்சு?" என்று ஒருவன் அவர் முகத்துக்கு நேரே கத்தினான். சாக்பீஸ் ஏன் அத்தனை வெள்ளையாக விழுந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? "தெரியாதுங்க" என்று சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டுக் கூட்டம் இன்னும் கொதித்தது.

நான் பிடித்திருந்த முனையை விட்டுவிட்டு முன்னால் போனேன்.

"அது சாக்பீஸ் இல்லைங்க. பென்சிலு. நெகடிவ் மேல நான் தேச்சது. டீச்சருக்குத் தெரியாது."

டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை.

என் சட்டைக் காலரை யார் முதலில் பிடித்தார்கள் என்று தெரியாது. கன்னத்தில் ஓர் அறை. காமிரா தோளிலிருந்து போய்க் கல்லில் பட்டு உடைந்த சத்தம் கேட்டது. "பாய் எதுக்குடா எங்க கல்லுல கைய வச்சான்?" என்று ஒரு குரல். நான் பயந்த குரல் அதுதான். டீச்சர் நடுவில் புகுந்து என் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"கை வைக்கச் சொன்னது நான்! அடிக்கறதுன்னா என்னை அடிங்க!"

முக்கியஸ்தர் தன் ஆட்களைத் தடுத்தார். பொம்பளை மேல் கை பட்டால் அசிங்கம் என்று நினைத்தாரோ என்னவோ. அந்த இடைவெளியில் பாலனள்ளிக்காரர்கள் கைதட்டி, "இனி மொதத் தண்ணி எங்களுதுடா!" என்று கூச்சல் போட்டார்கள். டீச்சர் அவர்கள் பக்கம் திரும்பினார். அப்போதுதான் அவர் குரல் பழையபடி எழுந்தது.

"நிறுத்துங்க! உங்க ஊரு கட்டுச்சின்னுதான் கல்லு சொல்லுது. மொதத் தண்ணி யாருக்குன்னு இதுல ஒரு எழுத்து இல்லை. கீழ உடைஞ்சிருக்குது. அங்க என்னா இருந்திச்சுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது." மூச்சு வாங்கிக்கொண்டார். "போன வருஷம் சந்தையில ஒருத்தர் இதையே கேட்டாரு. அப்பவே நான் இதைச் சொல்லியிருக்கணும். மாலை போட்டாங்க, சந்தோஷமா இருந்திச்சு, வாயை மூடிக்கிட்டேன். எழுத்துத் தப்பைவிட அதுதான் பெரிய தப்பு. அதுக்குத்தான் ஒருத்தர் மண்டை உடைஞ்சிருக்குது."

தையல் போட்டுக்கொண்டவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பாலனள்ளிப் பக்கம் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அதோடு கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது.

திரும்பும் பஸ்ஸில் டீச்சர் மசிப்படியின் கிழிந்த ஓரத்தை உள்ளே மடித்துச் சுருட்டிக்கொண்டு வந்தார். நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. தர்மபுரிக்குள் நுழையும்போது கேட்டார்:

"அந்த நெகடிவ் இருக்குதா?"

"இருக்குதுங்க."

"பென்சிலைக் கழுவிட்டு ஒரு படம் போடுங்க. பென்சிலோட இருக்கறதும் ஒண்ணு வேணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல சந்தையில மாட்டணும்." பிறகு, கொஞ்சம் தயங்கி, "உங்க பேரையும் எழுதணும் பாய். எழுதலாமா?"

வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவி அழுதாள். நான் டீச்சரிடம் சரி என்றுதான் சொன்னேன்.

நாலு சந்தை அந்த இரண்டு படமும் தொங்கின. நடுவில் அவர் கையெழுத்தில் ஒரு சார்ட்: படித்தவர் செய்த பிழை, படம் எடுத்தவர் செய்த பிழை, கல்லில் இருப்பது, கல்லில் இல்லாதது. அவர் அதை ஒவ்வொருவரையும் மறித்துப் படித்துக் காட்டினார். மாலனள்ளிக் கல்யாணங்கள் எனக்கு நின்றுபோயின, இரண்டு வருஷம். யூனியன் ஆபீஸ் பி.டி.ஓ. வந்து உட்கார்ந்து எழுதி வாங்கிய பிறகு இரண்டு ஊரும் பழையபடி முறை வைத்துக்கொண்டார்கள், மனசு ஒப்பி இல்லை. டீச்சர் மேல் மனு போனது. தூரத்து ஊருக்கு மாற்றல் வந்தது.

அவர் கிளம்புவதற்கு முந்தைய சந்தையில் ஓர் அம்மாள் படங்களுக்கு முன்னால் வெகு நேரம் நின்றாள். கூடையில் கத்தரிக்காய். மாலனள்ளி என்றாள். நான் ஒதுங்கிக்கொண்டேன்.

"எங்க ஊருப் பேரு வேற எந்தக் கல்லுலயாச்சும் இருக்குதாங்க டீச்சர்?"

"தெரியாதுங்கம்மா."

"எங்கயாச்சும் ஒண்ணுல இருக்குமில்ல? நாங்களும் இங்கதானே இருந்தோம்?"

டீச்சர் ஒயர் கூடையிலிருந்து நோட்டை எடுத்தார். "தேடறேன். பார்த்துச் சொல்றேன்" என்றார். அந்த அம்மாளின் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டு வருஷத்துக்கும் மேல் ஆகியிருக்கும். என் ஸ்டுடியோ முகவரிக்கு ஒரு தபால் கார்டு வந்தது. எனக்கு நாலு வரி, மற்றதெல்லாம் அந்த அம்மாளுக்கு. கொண்டுபோய்ப் படித்துக் காட்டச் சொல்லியிருந்தார். அந்தக் கரைப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. ஆனாலும் போனேன். அந்த அம்மாள் களத்தில் கேழ்வரகு தூற்றிக்கொண்டிருந்தாள். முறத்தை வைத்துவிட்டு வந்து நின்றாள்.

நான் படித்தேன். எந்தெந்த ஊர்க் கல்லைப் பார்த்தேன், எந்தெந்த வீட்டு ஓலையைப் புரட்டினேன் என்று பொடி எழுத்தில் ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். பதினேழு இடம். கடைசி வரி: "எதிலும் உங்கள் ஊர்ப் பெயர் இல்லை. இன்னும் பார்க்க வேண்டியது இருக்கிறது."

"இன்னொருக்காப் படிங்க பாய்" என்றாள்.

இன்னொரு முறை படித்தேன். ஒவ்வோர் ஊர்ப் பெயருக்கும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கார்டை வாங்கி, எழுத்துப் பக்கம் எது என்று திருப்பிப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இத்தன தூரம் போயிருக்காங்க டீச்சரு" என்றாள். பிறகு, "வெயில்ல வந்திருக்கீங்க. வூட்டுக்கு வந்து ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.